நின்றபடி வைத்த புள்ளி

1

போன வாரம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஹெலனின் அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பலசரக்குக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். மலக்குடலில் புற்றுநோய். அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதன்பின் மலம் வெளியேற வயிற்றில் ஒரு வாய் திறந்து, அதன்மேல் பை ஒன்றை ஒட்டுவார்கள். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அறுவைக்கு முன்பே நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது ஹெலனின் வேலை. அவர் சொல்வதைத் தமிழில் சொல்வது என் வேலை.

ஹெலன் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் என்ன உடுத்துவீர்கள் என்பது. பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, வருத்தத்தைப் பற்றிக் கேக்காமல் இவ ஏன் என்ர உடுப்பைப் பற்றிக் கேக்கிறா?”

வருத்தம் என்று அவர் சொன்னது நோயை. என் வேலை விதிப்படி அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பதிலும் அப்படியே தமிழில் போனது: நீங்கள் துணியை எங்கே இறுக்கிக் கட்டுகிறீர்களோ அந்த இடத்தில் அந்த வாய் வரக்கூடாது. வீட்டில் சாரம்தான் கட்டுவேன் என்றார் பெரியவர். எங்கள் ஊரில் அது லுங்கி. அப்படியானால் அடுத்த முறை சாரம் கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் ஹெலன்.

“இந்தக் குளிருக்குள்ளயோ?” என்றார் பெரியவர். ஆனால் வந்தார். முழங்கால்வரை நீண்ட மேல்கோட்டு, அதற்குக் கீழே நீலக்கட்டம் போட்ட சாரம், அதற்கும் கீழே கம்பளிக் காலுறை. பேருந்தில் வந்ததாகச் சொன்னார். ஒருவரும் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஹெலன் அவரை உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், நிற்கச் சொன்னார். பிறகு மை பேனாவால் வயிற்றில் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொடைக்கானல் பக்கம் பெரும்பாறையில் இருக்கும் என் தங்கை ஸ்டெல்லாவைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் கேட்டேன். “எழுது. பேர மாத்தாதே. மாத்துனா யாரோன்னு நெனச்சுருவாக” என்றாள்.

2

இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் துணை ஆசிரியராக இருந்தேன். கொடைக்கானல் செய்திகள் என் மேசைக்குத்தான் வரும். கோடையில் பெருமாள்மலையில் வண்டிகள் அசையாமல் நின்ற செய்தி, மலர்க்கண்காட்சி, காட்டெருமை ஊருக்குள் வந்தது, மண் சரிந்து பாதை அடைபட்டது. இவற்றை எழுத எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

எழுதக்கூடாத சொற்களும் அங்கேதான் பழக்கமாயின. மலம் என்று வந்தால் கழிவு என்று திருத்துவோம். ஒருவர் குடல் புற்றுநோயில் செத்தால் ‘உடல்நலக் குறைவு’ என்று போடுவோம். வாசகர் காலையில் காபி குடித்துக்கொண்டே படிப்பார் என்பது எங்கள் ஆசிரியர் சொன்ன காரணம்.

இங்கே மொழிபெயர்ப்பாளன் வேலையில் சேர்ந்த முதல் மாதம் அந்தப் பழக்கம் என்னைப் பாடாய்ப்படுத்தியது. மலம் கெட்டியாக வருகிறதா, கூழாக வருகிறதா என்று ஹெலன் கேட்பார். நான் “கழிவு எவ்வாறு வெளியேறுகிறது” என்பேன். நோயாளி விழிப்பார். ஒரு நாள் ஒரு அம்மா பொறுமை இழந்து, “பீயைத்தானே கேக்கிறியள்? நேராக் கேளுங்கோவன்” என்றார். அன்றிலிருந்து நேராகக் கேட்கிறேன்.

இந்த வேலைக்கு வேறு சில விதிகள் உண்டு. சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆலோசனை சொல்லக் கூடாது. நோயாளியோடு தனியாக ஒரு நிமிடம்கூட உட்காரக் கூடாது. முதலில் இவை எனக்கு எரிச்சலாக இருந்தன. பிறகு அவற்றின் நியாயம் புரிந்தது. நோயாளியிடம் எதையும் மறைக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளனுக்குக் கிடையாது. குடும்பத்தார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பாட்டச் சொல்லாதையுங்கோ” என்று கெஞ்சினாலும் கிடையாது.

3

ஸ்டெல்லா பெரும்பாறைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள். கல்யாணமான வருடத்திலிருந்தே அந்த வேலைதான். கணவர் அருளப்பன் அதே தோட்டத்தில் மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுகிறவர். நல்ல மனிதர், பேச்சு குறைவு. அவளுக்கு ரத்தப்போக்கு வந்து, வத்தலக்குண்டில் மூலம் என்று மருந்து கொடுத்து, அதற்கும் நிற்காமல் மதுரைக்குப் போய், அங்கே மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்தது. சில வாரம் இடைவெளி விட்டு அறுவை என்றார்கள்.

அருளப்பன் அப்போது என்னைக் கூப்பிட்டார். வழக்கமாக அவர் கூப்பிட மாட்டார்.

“மச்சான், டாக்டர் என்னைய வெளிய கூப்பிட்டுச் சொன்னாரு. இனிமே அந்த வழி இருக்காதாம். அதத் தச்சு மூடிருவாகளாம். வயித்துல ஓட்ட போட்டுப் பை மாட்டணுமாம். ஆயுசுக்கும்.”

“ஸ்டெல்லாட்டச் சொன்னீங்களா?”

“இல்ல.”

“டாக்டர் சொன்னாரா?”

“என்கிட்டச் சொன்னாருல்ல. அவகிட்ட, சின்ன ஆபரேஷன், கட்டிய எடுத்துருவோம்னு சொல்லியிருக்காரு. முடிஞ்சப்புறம் பாத்துக்கட்டும் மச்சான். இப்பச் சொன்னா வரவே மாட்டா. நீங்களும் சொல்லிராதீங்க.”

நான் அப்போதே கிளம்பியிருப்பேன். ஆனால் என் விசா நீட்டிப்பு விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். வேலை, வீடு, மகளின் படிப்பு எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. என்னிடம் இருந்தது தொலைபேசி ஒன்றுதான்.

அருளப்பன் கேட்டது நம் ஊரில் நடக்காத விஷயமில்லை. பெண்ணின் வியாதி கணவனிடமோ அண்ணனிடமோ சொல்லப்படும். அவர்கள் அதை எப்போது, எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்வார்கள். பாசம் என்று அதற்குப் பெயர். கண் விழிக்கும்போது தன் வயிற்றில் சிவப்பாக ஒரு வாய் திறந்திருப்பதை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவளின் முகம் எப்படியிருக்கும் என்று இந்தப் பாசத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவசர அறுவை முடிந்து, யாரும் முன்கூட்டிச் சொல்லாமல், அப்படிக் கண் விழித்தவர்களின் கட்டிலருகே நின்று நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் பல நாட்கள் போர்வையை விலக்கவே விடவில்லை.

“நான் சொல்லப் போறேன் மாப்ள” என்றேன். அவர், “நான் மறைக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க” என்று வைத்துவிட்டார்.

4

எங்கள் குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பசி, சாப்பாடு என்பது வேறு. எனவே எப்படித் தொடங்குவது என்று பேருந்தில் வரும்போதெல்லாம் யோசித்து, கடைசியில் ஹெலன் தொடங்கும் விதத்திலேயே தொடங்கினேன். உனக்கு என்ன ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள், உன் வாயால் சொல் என்று கேட்டேன்.

சொன்னாள். அதற்குமேல் இருப்பதை நான் சொன்னேன். வயிறு, வாய், பை, பீ எல்லாம் சொன்னேன்.

அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் போனில் கேட்டது. அதை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“இது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டா மூணு நாளா எனக்குத் தல பின்னி விடுறாரு?”

“ஆமா” என்றேன்.

“வயித்தக் கிழிக்கப் போறது எனக்கா, அவருக்கா? அவரக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காக. என்னயக் கூப்பிட்டுக் கட்டின்னு சொல்லியிருக்காக.” குரல் உயரவில்லை. “சரி, நீ அந்தச் சோலிதான பாக்குற? சொல்லு. நான் மறுபடி பழம் பறிக்க முடியுமா?”

அவள் கேட்டது இது ஒன்றுதான். எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்கவில்லை. ஆளுக்குத் தெரியுமா, வாடை வருமா என்றெல்லாம் பிறகுதான் கேட்டாள்.

பழம் பறிப்பதை வெளியாருக்குச் சொல்ல வேண்டும். சாக்கின் வாயை விரித்து, கயிற்றால் இடுப்பில் முன்பக்கமாகக் கட்டுவார்கள். இரு கையாலும் கிளையை வளைத்துச் சிவந்த பழத்தை உருவிச் சாக்குக்குள் விட வேண்டும். சாக்கு நிறைய நிறையக் கயிறு இறங்கி அடிவயிற்றை அழுத்தும். சரிவில் காலை ஊன்றி நிற்பதால் பாரம் ஒரு பக்கமாகச் சாயும். ஸ்டெல்லாவுக்கு அது இடப்பக்கம். இந்த அறுவையில் பெரும்பாலும் வாய் வைக்கும் இடமும் இடது அடிவயிறுதான்.

“முடியும்னு இப்பச் சொல்ல மாட்டேன்” என்றேன். “எந்த இடத்துல வைக்கிறாங்கங்கறதப் பொறுத்தது.”

“அப்ப இடத்த நான் சொல்றேன்” என்றாள்.

5

மறுநாள் ஹெலனிடம் விவரம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. தன் கவனிப்பில் இல்லாத நோயாளிக்கு, அதுவும் வேறு நாட்டில் இருப்பவருக்கு, அவர் ஆலோசனை சொல்ல முடியாது. நானும் கேட்கக் கூடாது. இருவரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

“உன் தங்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது” என்றார். “ஆனால் என்னிடம் வேலை பார்க்கும் மொழிபெயர்ப்பாளருக்கு நான் செய்வது விளங்க வேண்டும். விளங்காமல் எப்படி மொழிபெயர்ப்பாய்?” மதிய உணவு நேரம் முழுவதும் எனக்கு விளக்கினார். நோயாளியின் கண்ணுக்குத் தெரியும் இடமாக இருக்க வேண்டும். மடிப்பில் வரக்கூடாது, தழும்பில் வரக்கூடாது, துணி இறுகும் கோட்டில் வரக்கூடாது. படுத்த நிலையில் மட்டும் பார்த்துப் புள்ளி வைத்தால், எழுந்ததும் வயிறு இறங்கி எல்லாம் இடம் மாறிவிடும். முடிந்தால் முன்கூட்டியே ஒரு பையை ஒட்டி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு நாள் நடமாடிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அருளப்பன் மதுரையில் தேடி ஒரு பை வாங்கி வந்தார். அதைச் சட்டைக்குள் வைத்து மறைத்துக்கொண்டு வந்தாராம். “பஸ்ல இருந்தவங்க யாருக்காச்சும் அது என்னன்னு தெரியுமா? இவரு திருட்டுச் சாமான் மாதிரி கொண்டாந்துருக்காரு” என்று ஸ்டெல்லா சொன்னபோது பின்னால் அவர் இருமுவது கேட்டது. அவர்கள் இருவருக்கும் இடையே நின்றுபோயிருந்த பேச்சு திரும்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“தண்ணி எதுக்கு?” என்றாள். “தண்ணியா வரப்போகுது? கேப்பக் கூழ் ஊத்திக்கிறேன்.”

கூழ் ஊற்றி, இடது அடிவயிற்றில் பையை ஒட்டி, பாவாடை கட்டி, சேலை கட்டி, தோட்டத்துக்குப் போய்விட்டாள். அறுவைக்குக் காத்திருக்கிறவள் என்று வேலை கொடுக்கவில்லை. சும்மா நிற்கிறேன் என்று காலிச் சாக்கை வாங்கிக் கட்டி, உதிர்ந்த பழத்தை அள்ளிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பாதி நிறைவதற்குள் கயிறு பையின் நடுவில் உட்கார்ந்தது. கூழ் ஒரு பக்கமாகப் பிதுங்கி, ஒட்டு விலகி, சேலையில் வடிந்தது.

பக்கத்தில் நின்ற பெண்கள் சும்மா விடவில்லை.

“என்னடி, மடியில கூழ்ச் சட்டிய வச்சுக்கிட்டு வந்துட்டியா?”

“ஆமா. நாளைக்கு வேற வரும், இன்னக்கிக் கூழ்தான். பாத்துக்கங்க” என்று எல்லோருக்கும் காட்டிவிட்டாள்.

அன்றைக்கே பழம் பறிக்கும் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. அருளப்பன் அதற்காக அவளிடம் கோபித்துக்கொண்டார். இரண்டு நாளைக்குப் பிறகு, அவர் மிளகு ஏணியைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்களில் ஒருத்தி அவரிடம் வந்து, தன் மாமனாருக்கும் இதே பைதான், வீட்டுக்குள்ளேயே முடங்கிச் செத்தார் என்று சொன்னாளாம். அதன்பின் அவர் கோபிக்கவில்லை.

பையை எடுத்து மேலே ஒட்டிப் பார்த்தாள் ஸ்டெல்லா. தொப்புளுக்கு மேலே, இடப்பக்கம். கயிறு கீழே நின்றது. கூழ் அசையவில்லை.

6

அறுவைக்கு முந்தின நாள் மதுரையில் சேர்த்தார்கள். பெண்கள் வார்டு. நம் பக்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு என்ன எடுத்துப் போவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்க், ஒரு தம்ளர், இரண்டு புது நைட்டி. கட்டிலில் இருக்கும் பெண் நைட்டியில்தான் இருப்பாள். நானும் ஸ்டெல்லாவிடம் எத்தனையோ சொன்னேன், இதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நைட்டிக்கு இடுப்பு கிடையாது.

மாலையில் பயிற்சி மருத்துவர் வந்து, அவளைப் படுக்க வைத்து, நைட்டியை ஒதுக்கி, இடது அடிவயிற்றில் மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வீடியோ அழைப்பு வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் முகம் மட்டும் தெரிந்தது.

“அண்ணே, போட்டுட்டாக. எழுந்திரிச்சதும் குறி பாவாட நாடா எடத்துக்கு வந்துருச்சு.”

“நைட்டில எப்படித் தெரியும்?”

“நைட்டிய அவுத்துட்டேன். சேல கட்டிக்கிட்டேன். துணிப்பைக்குள்ள சாக்கும் கொண்டாந்துருக்கேன்.”

கூடவே கேட்டது வார்டு நர்ஸ் முத்துலட்சுமியின் குரல். கண்டிப்பான குரல்.

“ஏம்மா, ஆபரேஷனுக்கு வந்தீங்களா, காப்பி பறிக்க வந்தீங்களா?”

“ரெண்டுக்குந்தான் சிஸ்டர். இத முடிச்சாத்தான அதுக்குப் போக முடியும்.”

“சாக்க உள்ள கொண்டு வரக்கூடாது. இன்பெக்ஷன் ஆகும்.”

“துவச்சுத்தான் கொண்டாந்தேன். மோந்து பாருங்க.”

பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்த அம்மாள் போனை வாங்கிப் பிடித்துக்கொண்டார். திரை ஆடியது. கட்டில்களுக்கு நடுவே என் தங்கை சேலையும் சாக்குமாக நிற்பது தெரிந்தது. இல்லாத சரிவில் நிற்பதுபோல் ஒரு காலைக் கட்டிலின் கீழ்க் கம்பியில் ஊன்றியிருந்தாள். சாக்குக்குள் தலையணையைப் போட்டிருந்தாள்.

“அண்ணே, வயித்தக் காட்டப் போறேன். கண்ண மூடிக்க.”

மூடிக்கொண்டேன்.

“ஏ, மூடிட்டா எப்படிச் சொல்லுவ? தொறந்துக்க.”

வார்டில் சிரிப்புக் கேட்டது. திறந்து பார்த்தேன். கயிறு குறியின்மேல் கிடந்தது. அதை நான் சொல்வதற்கு முன்பே முத்துலட்சுமி குனிந்து பார்த்துவிட்டார். கயிற்றைத் தன் விரலால் இழுத்துப் பார்த்தார். எவ்வளவு எடை வரும் என்று கேட்டார். சொன்னதும், “இது தாங்காது” என்றார். அவர் குரல் மாறியிருந்தது. பத்திரிகைக்காரன் பழக்கத்தில் அதைக் கவனித்தேன். அது இரக்கக் குரல் இல்லை. வேலை தெரிந்த ஒருத்தி வேலை தெரிந்த இன்னொருத்தியிடம் பேசும் குரல்.

“உக்காருங்க. குனிங்க. தலையத் தூக்குங்க. இப்ப நில்லுங்க.” ஹெலன் செய்வதும் இதே வரிசைதான். முறை தெரிந்தவர்தான் அவர். நேரமும் கேட்பாரும் இல்லாததால் செய்யாமல் இருந்திருக்கிறார். மேலே, அவள் காட்டிய இடத்துக்கு அருகில் புள்ளி வைத்தார். “நான் வச்சிருக்கேன். சார் காலைல வெள்ளனே ரவுண்ட்ஸ் வருவாரு. அவரு ஒத்துக்கணும். ஒத்துக்கலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

“ஒத்துக்கலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள் ஸ்டெல்லா.

கட்டி வளர்கிறது. அறுவை தள்ளிப்போனால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. உயிரா, சாக்குக் கயிறா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளுக்கு அந்த இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

என் பின்னால் மகள் ஜெனி நின்றிருந்தாள். பத்தாம் வகுப்பு. அத்தை பேசும் தமிழ் அவளுக்குப் பிடிபடவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மொழிபெயர்த்தேன். நாள் முழுக்க அன்னியருக்குச் செய்வதை வீட்டில் என் ரத்தத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவில் நின்று செய்கிறேன். ஜெனி கேட்டுவிட்டு, அத்தை செய்வது சரி என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

7

காலை நடந்ததை ஸ்டெல்லாவும் முத்துலட்சுமியும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

சர்ஜன் கூட்டத்தோடு வந்தார். இரண்டு குறிகளைப் பார்த்தார்.

“மேல இருக்கறத யார் வச்சது?”

“நான்தான் சார்” என்றார் முத்துலட்சுமி.

“வைக்கச் சொன்னது நான் சார்” என்றாள் ஸ்டெல்லா.

“இவ்வளவு மேல எதுக்கும்மா? சேலைக்குள்ள மறையாது. கீழ வச்சா வெளிய தெரியாது. உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“தெரிஞ்சா தெரியட்டும் சார். எங்க வரிசைல எல்லாருக்கும் தெரியும்.”

“இனிமே பாரமான வேலையெல்லாம் வேணாம். வீட்டோட இருங்க.”

“வீட்டோட இருந்தா சோறு யாரு போடுவா? சார், நீங்க பெல்ட்டு போட்டிருக்கீங்கள்ல. அந்த எடத்துலதான் நான் சாக்குக் கட்டுறேன். உங்களுக்கு ஆபரேஷன்னா பெல்ட்டுக்கு அடியில வைக்கச் சொல்லுவீங்களா?”

கூட வந்த பயிற்சி மருத்துவர்கள் தரையைப் பார்த்தார்கள். சர்ஜன் தன் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு அவளை நிற்கச் சொன்னார். இருமச் சொன்னார். விரலால் தசையின் ஓரத்தைத் தடவி, புள்ளியை ஒரு விரற்கடை உள்பக்கம் நகர்த்தி வைத்தார்.

“உள்ள குடல் இது வரைக்கும் இழுபடாம எட்டணும். எட்டலைன்னா கீழதான். அத வயித்தத் தொறந்தாத்தான் சொல்ல முடியும்.”

“எட்டலைன்னா ஒங்க இஷ்டம் சார். எட்டுச்சுன்னா இங்கதான்.”

“சரி.”

“கீழ போட்ட குறிய அழிச்சுருங்க.”

அதை அவர் கையாலேயே ஸ்பிரிட் பஞ்சால் அழித்தார் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அதன்பின் ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டாள். அருளப்பனும் போட வேண்டும் என்றார்கள். அவர் பேனாவை வாங்கி, “அவ போட்டுட்டாள்ல?” என்று கேட்டுவிட்டுப் போட்டாராம்.

8

அறுவை நடந்த நேரத்தில் நான் இங்கே இன்னொருவரின் கட்டிலருகே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும். அந்த நோயாளி பை மாற்றப் பழகிக்கொண்டிருந்தார். வெதுவெதுப்பான தண்ணீரால் துடைக்க வேண்டும், சோப்பு எச்சம் நின்றால் ஒட்டாது, தொட்டால் லேசாக ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம், அங்கே வலி தெரியாது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் வேறொரு வயிற்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வெளியே வந்து போனைத் திறந்தபோது அருளப்பன் அனுப்பிய குரல் செய்தி இருந்தது. “எட்டிருச்சு மச்சான்.” அவ்வளவுதான்.

முதல் வாரம் சிரமப்பட்டாள். கீழே தையல் போட்டு மூடிய இடத்தில் சீழ் வைத்து, உட்கார முடியாமல் இருந்தாள். ஆனால் வயிற்றைப் பார்க்கச் சொன்னதும் பார்த்தாள். மூன்றாவது முறை பையைத் தானே மாற்றினாள். இங்கிருந்து நல்ல பைகள் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

“ஒனக்கு அங்க வேல போச்சுன்னா எனக்கு இங்க பை போயிரும். மதுரைல கெடைக்கறதயே பழகிக்கிறேன்.”

வருத்தமாக இருந்தது. அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் இன்னும் வருத்தமாக இருந்தது.

நலம் விசாரிக்க வந்தவர்கள் பழம் வாங்கி வந்தார்கள், பாவமே என்றார்கள், இனிமேல் கோவில் விருந்துக்குச் சமைக்க வேண்டாம், ஓய்வெடு என்றார்கள். அதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. “என் கை வயித்துலயா இருக்கு?” என்று கேட்டிருக்கிறாள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு எப்போதும்போல அவள்தான் கறிக்கு மசாலா அரைத்தாள். சாப்பிடாமல் போனவர்கள் உண்டு. பெயர்களைச் சொன்னாள். அவர்களைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதவில்லை.

பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னதால் அந்தச் சீசனில் அவள் பறிக்கப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து மற்றவர்கள் மேலே ஏறுவதைப் பார்த்தாள். அந்த மாதங்களில் என்னிடம் அவள் தொலைபேசியில் பேசியது மிகக் குறைவு.

9

இந்தச் சீசனுக்கு நான் போனேன். விசா வந்துவிட்டது. வத்தலக்குண்டிலிருந்து காலை பேருந்தில் ஏறி, பெரும்பாறையில் இறங்கி, தோட்டத்துக்கு நடந்தேன். பறிப்பு தொடங்கிய முதல் நாள். ரோட்டில் சாக்குகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். மேஸ்திரி ஒவ்வொருவருக்கும் வரிசை பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர்.

ஸ்டெல்லா வயிற்றில் பையைத் தாங்கும் பட்டையான பெல்ட் போட்டு, அதற்குக் கீழே பாவாடை கட்டி, சாக்கை முன்னைவிடச் சற்றுத் தாழ்த்திக் கட்டியிருந்தாள். பாதி நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும், நிறைந்த சாக்கைத் தூக்கக் கூடாது, அருளப்பன் வந்து தூக்குவார் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. இதற்கு அவள் சம்மதிக்க ஒரு மாதம் ஆனதாம்.

“ஸ்டெல்லாக்கா, நீங்க ரோட்டோரச் செடியப் பாத்துக்கங்க” என்றார் மேஸ்திரி. “சமதளம். மேல ஏற வேணாம்.”

“என் வரிசை எங்க?”

“அது மேல, பாறைக்குப் பக்கத்துல. போன வருஷம் நீங்க வரலையில்ல, வேற ஆளப் போட்டேன்.”

“இந்த வருஷம் வந்துட்டேன்ல.”

மேஸ்திரி என்னைக் கண்டுகொண்டார். “சார், லண்டன்ல ஆஸ்பத்திரில இருக்கீங்களாமே. நீங்க எடுத்துச் சொல்லுங்க. சரிவுல வழுக்குச்சுன்னா யாரு பொறுப்பு? நான் அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நான் லண்டனில் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் வேலையிலும் இல்லை. அதை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் அருளப்பன் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். விளக்கி முடித்துத் திரும்பினால் ஸ்டெல்லா நின்ற இடத்தில் இல்லை. சரிவின் பாதி உயரத்தில் அவள் சேலை தெரிந்தது. கிளையைப் பிடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். மேலே போன பெண்கள் அவளுக்காக நிற்கவில்லை. அவள் அவர்களை நிற்கச் சொல்லவும் இல்லை.

“அக்கா, சொல்றதக் கேளுங்க” என்று மேஸ்திரி கீழிருந்து கத்தினார். “ரோட்டோரத்துல பறிங்க.”

அவள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் தெளிவாகக் கேட்டது.

“ரோட்டோரத்துல என்னப்பா இருக்கு? தூசிதான் கெடக்கு. பழம் இங்கதான் இருக்கு.”